வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கிட்னியில் நீர்

ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் மூளை, இதயம், முதுகெலும்பு என்று வரிசையாக 'நார்மல்' வந்துகொண்டே இருக்கும். சிறுநீரகத்துக்கு வரும்போது மட்டும் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: 'இடது ரீனல் பெல்விஸ் 6 மி.மீ., லேசான விரிவு, 32 வாரத்தில் மறுபடி பார்க்கவும்.' ஸ்கேன் எடுத்தவரிடம் கேட்டால், "உங்க டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க" என்பார். அந்த டாக்டரோ அடுத்த செக்கப் தேதியில்தான் கிடைப்பார். இடையில் இருக்கும் நாட்களில் வீட்டில் ஆளாளுக்கு கூகுளைத் திறக்கிறார்கள். தேடல் டயாலிசிஸ் வரை போய்த்தான் நிற்கிறது.

இப்படி ஒரு வரி வருவது அபூர்வமே இல்லை. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டிலாவது வரும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த விரிவு பிறப்பதற்கு முன்போ, பிறந்து ஓரிரு வருடத்திலோ தானாகச் சரியாகிவிடுகிறது. சிலருக்குச் சிகிச்சை வேண்டியிருக்கும். மிகச் சிலருக்கு விஷயம் உண்மையிலேயே கடுமையானது. நம் பிள்ளை இதில் எந்த வகை என்பதை ஸ்கேன் ஓரளவு சொல்லும். மிச்சத்தைப் பிறந்த பிறகுதான் சொல்ல முடியும். குடும்பங்கள் கோட்டை விடுவது இந்த இரண்டாம் பாதியில்தான். வயிற்றில் இருக்கும்போது தூக்கம் கெட்டுப் பயந்தவர்களே, பிள்ளை பிறந்து நன்றாகப் பால் குடிக்க ஆரம்பித்ததும் அந்த வரியை மறந்துவிடுகிறார்கள்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கருவின் சிறுநீரகம் சுமார் 10ஆம் வாரத்தில் சிறுநீர் சுரக்க ஆரம்பிக்கிறது. சதைப்பகுதி சுரப்பதை, நடுவில் புனல் மாதிரி இருக்கும் ஒரு பை வாங்கிக்கொள்கிறது. ரிப்போர்ட்டில் 'ரீனல் பெல்விஸ்' என்று எழுதுவது இந்தப் பையைத்தான். இடுப்பெலும்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அங்கிருந்து மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்கும், சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே பனிக்குடத்துக்கும் போகிறது. நான்காம் மாதத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர்தான். பிள்ளை அதையே விழுங்கி மறுபடி வெளியேற்றும். கேட்க ஒரு மாதிரி இருந்தாலும், நுரையீரல் வளர இடம் கொடுப்பது அந்தத் தண்ணீர்தான்.

இந்த வழியில் எங்காவது குறுகலோ அடைப்போ இருந்தாலும், கீழே போன சிறுநீர் மேலே எதுக்களித்தாலும், புனல் விரியும். எந்தக் கோளாறும் இல்லாமலே, வளரும் குழாய் இன்னும் பக்குவப்படாததால் கொஞ்ச காலம் விரிந்திருப்பதும் உண்டு. அதிகம் காண்பது இந்தக் கடைசி ரகத்தைத்தான்.

வயிற்றில் இருக்கும்வரை பிள்ளையின் ரத்தத்தைச் சுத்தம் செய்வது நஞ்சுக்கொடி. ஆகவே சிறுநீரகம் சரியாக வேலை செய்யாத குழந்தைக்கும் உள்ளே உப்புச்சத்து ஏறாது, எடை கூடும், உதைக்கும். பிறந்த முதல் நாள் எடுக்கும் கிரியாட்டினின் கூட ஏறக்குறைய அம்மாவுடையதைத்தான் காட்டும். 'நல்லா அசையுது, அப்ப கிட்னியும் நல்லாத்தான் இருக்கும்' என்ற கணக்கு செல்லாது. அதேபோல, சிறுநீரகத்தில் நீர் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளை உள்ளே வலியில் துடிக்கிறது என்று அம்மா தன்னை வருத்திக்கொள்ளவும் வேண்டியதில்லை.

இனி அந்த எண். சிறுநீரகத்தைக் குறுக்குவெட்டாகப் பார்த்துப் புனலின் முன்-பின் அகலத்தை அளக்கிறார்கள், ரிப்போர்ட்டில் 'ஏ.பி.டி.' என்று இருக்கும். 28 வாரத்துக்கு முன்னால் 4 மி.மீ.க்குக் குறைவாகவும், 28 வாரத்திலிருந்து 7 மி.மீ.க்குக் குறைவாகவும் இருந்தால் நார்மல். 2014இல் அமெரிக்காவில் 8 மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வகுத்த 'யூ.டி.டி.' என்ற தரப் பிரிவு இப்போது நம் ஊர் ரிப்போர்ட்டுகளிலும் வருகிறது. 28 வாரத்துக்கு முன் 4 முதல் 7க்குள், அதற்குப் பின் 7 முதல் 10க்குள் இருந்து, வேறு எந்த மாறுதலும் இல்லை என்றால் 'ஏ1'. அது ஆபத்து குறைந்த வகை. அளவு அதைத் தாண்டினாலோ, அளவு சிறிதாக இருந்தும் வேறு கெட்ட அறிகுறி இருந்தாலோ 'ஏ2-3'.

எண்ணுக்கும் விளைவுக்கும் உள்ள உறவை 2006இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. முந்தைய 17 ஆய்வுகளிலிருந்து 1,308 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். லேசான விரிவு இருந்தவர்களில் சுமார் 12 சதவீதம் பேருக்குப் பிறந்த பிறகு ஏதோ ஒரு கோளாறு உறுதியானது. நடுத்தரத்தில் அது 45 சதவீதம், கடுமையானதில் 88 சதவீதம். இங்கே 'கோளாறு' என்பதில் வளர வளரத் தானாகச் சரியாகும் எதுக்களிப்பும் அடக்கம். அத்தனை பேருக்கும் ஆபரேஷன் என்று இதற்கு அர்த்தமில்லை.

எண்ணுக்கு அதற்கு மேல் மரியாதை தர வேண்டாம் என்பது என் கட்சி. கருவின் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது அளந்தால் ஒரு அளவு வரும், காலியான பிறகு இன்னொன்று வரும். போன மாதம் 5.8, இந்த மாதம் 6.3 என்று வந்தால் அது 'ஏறிடுச்சு' என்று அழ வேண்டிய ஏற்றம் இல்லை. வாரம் ஒரு ஸ்கேன், ஆளுக்கொரு சென்டர் என்று அலைவதில் பணம்தான் போகும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது எண்ணைச் சுற்றியிருக்கும் சங்கதிகளை. ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? ஒரு சிறுநீரகம் முழுக்கவே பழுதானாலும், இன்னொன்று நன்றாக இருந்தால் வாழ்நாள் முழுக்க அது போதும். ஆகவே ஒரு பக்கம் மட்டும் என்றால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது. சதைப்பகுதி எப்படி இருக்கிறது? மெலிந்தோ, வழக்கத்தைவிட வெளுப்பாகவோ, குட்டி நீர்க்கட்டிகளோடோ தெரிந்தால், அழுத்தம் உறுப்பையே பாதித்திருக்கலாம். சிறுநீர்க்குழாய் கண்ணுக்குத் தெரிகிறதா? சாதாரணமாக அது ஸ்கேனில் தெரியாத அளவு மெல்லியது. தெரிகிறது என்றால் விரிந்திருக்கிறது. சிறுநீர்ப்பை நிறைந்து காலியாகிறதா, அதன் சுவர் தடித்திருக்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் எப்படி இருக்கிறது? ஸ்கேன் டாக்டர் "தண்ணி நல்லா இருக்கும்மா" என்று சொன்னால் அந்த ஒரு வாக்கியத்துக்கு அந்த மில்லிமீட்டரைவிட மதிப்பு அதிகம். குறைந்தது ஒரு சிறுநீரகமாவது சுரந்து, சுரந்தது வெளியேயும் வருகிறது என்று அர்த்தம்.

வீட்டுக்குள் நடக்கும் விசாரணை வேறு மாதிரி இருக்கும். "தண்ணியே குடிக்க மாட்டேங்குறா டாக்டர், அதான் புள்ளைக்கு இப்படி ஆயிருச்சு" என்று மாமியார் சொல்ல, மருமகள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சி எந்த ஓ.பி.யிலும் காணக் கிடைப்பது. நல்ல டாக்டர் அந்த இடத்திலேயே, மாமியார் முன்னாலேயே, இதை முடித்துவைப்பார்: "இல்லம்மா, அவங்க சாப்பிட்டது, குடிச்சது, கிரகணத்துல வெளிய போனது, எதனாலயும் இது வரல. குழாய் உருவாகுறப்பவே வந்தது." பார்லிக் கஞ்சியும் வாழைத்தண்டுச் சாறும் குடிப்பதில் தப்பில்லை. ஆனால் குழந்தையின் குழாயில் இருக்கும் அடைப்பை அவை திறக்காது.

இன்னொரு பயம் டவுன் சிண்ட்ரோம். சிறுநீரக விரிவும் அதன் சிறு அடையாளங்களில் ஒன்று என்று எங்கோ படித்துவிட்டு வருவார்கள். மூன்றாம் மாத ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் நார்மலாக இருந்து, வேறெந்த உறுப்பிலும் மாறுதல் இல்லாமல், இது மட்டும் தனியாக இருந்தால் டவுன் சிண்ட்ரோமுக்கான வாய்ப்பு கூடுவதாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்காகப் பனிக்குட நீர் எடுத்துச் சோதிக்கத் தேவையில்லை.

"சொந்தத்துல கல்யாணமா?" என்று டாக்டர் கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம். சாதாரண விரிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டு சிறுநீரகங்களும் பெரிதாக, வெள்ளையாக, தண்ணீரும் குறைந்து தெரிந்தால், பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேரும் நீர்க்கட்டி நோயாக அது இருக்கலாம். அத்தை மகன், தாய்மாமன் என்று கட்டிய குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல். அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து இருக்கும். மரபணு ஆலோசனை அங்கே கட்டாயம்.

கடுமையான வகைக்கு வருவோம். இரண்டு சிறுநீரகங்களும் விரிந்து, சிறுநீர்ப்பை சுவர் தடித்துப் பெருத்து, அதற்குக் கீழே சிறுநீர் வெளியேறும் பாதையின் ஆரம்பமும் அகன்று, ஸ்கேனில் பழைய பூட்டுகளின் சாவித்துவாரம் போலத் தெரியும். வெளியேறும் வாயில் ஒரு மெல்லிய சவ்வு குறுக்கே நிற்பதே இதற்கு முக்கியக் காரணம். பல ஆயிரம் பிறப்புகளில் ஒன்றில்தான் வரும். வந்தால் இரண்டு சிறுநீரகங்களையும் சிறுநீர்ப்பையையும் சேர்த்துப் பாதிக்கும். இந்தச் சவ்வு ஆண் குழந்தைகளுக்கே வருவது. இந்தியாவில் கருவின் பாலினத்தைச் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதால், விவரம் தெரிந்த டாக்டர் நோயின் பெயரைச் சொல்லாமல் "மூத்திரப்பை வாயில அடைப்பு இருக்கிற மாதிரி இருக்கு" என்றுதான் பேசுவார். வேறு காரணங்களாலும் அந்த வாய் அடைபடலாம் என்பதால் அவர் சொல்வது பொய்யும் இல்லை. அதற்கு மேல் துருவ வேண்டாம். பெற்றோர் எடுக்க வேண்டிய முடிவு எதுவும் அந்தப் பதிலைப் பொறுத்ததில்லை.

"இப்பவே வயித்துக்குள்ள ஏதாவது பண்ண முடியாதா?" என்ற கேள்வி உடனே வரும். முடியும், ஆனால் பலன் குறைவு. குழந்தையின் சிறுநீர்ப்பையிலிருந்து பனிக்குடத்துக்கு ஒரு சிறு குழாய் வைத்துச் சிறுநீரை வடியவிடும் முறை இருக்கிறது. பிரிட்டனில் தொடங்கிய 'புளூட்டோ' ஆய்வு இதைச் சோதித்தது. முடிவுகள் 2013இல் 'லான்செட்' இதழில் வந்தன. போதுமான பேர் சேராததால் 31 பெண்களோடு அது நின்றுபோனது. குழாய் வைத்த 16 பேரில் 8 குழந்தைகளும், வைக்காத 15 பேரில் 4 குழந்தைகளும் பிறந்து 28 நாள் வரை உயிரோடு இருந்தனர். இரண்டு வயதில் சிறுநீரகம் நார்மலாக இருந்தது மொத்தமே இரண்டு குழந்தைகளுக்குத்தான். குழாய் உயிரைக் காக்க உதவலாம், சிறுநீரகத்தைக் காக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. இதை மறைக்காமல் சொல்லும் டாக்டரை நம்பலாம்.

இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்வது தண்ணீர். 20 வாரத்துக்கு முன்பே பனிக்குட நீர் வற்றிவிட்டால் நுரையீரல் வளராது. பிறக்கும்போது மூச்சுதான் முதல் பிரச்சினை, சிறுநீரகம் இரண்டாவது. அந்த நிலையில் பிரசவ டாக்டர், பச்சிளம் குழந்தை டாக்டர், குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் மூவரும் பெற்றோரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவது நல்லது. கருவைத் தொடர்வதா என்ற கேள்வியும் அப்போது எழும். குழந்தை பிழைக்காது, அல்லது பிழைத்தாலும் கடும் பாதிப்போடு இருக்கும் என்ற நிலையில், 2021 திருத்தத்துக்குப் பிறகு இந்தியச் சட்டம் 24 வாரம் வரை இடம் தருகிறது. அதற்கு மேல் என்றால் மருத்துவ வாரியம் பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும். முடிவு பெற்றோருடையது. "நானா இருந்தா கலைச்சிருவேன்" என்றோ, "கடவுள் குடுத்ததை விடாதீங்க" என்றோ சொல்வது டாக்டரின் வேலை இல்லை.

தண்ணீர் போதுமான அளவு இருந்து பிள்ளை பிறந்துவிட்டால், முதலில் ஒரு மெல்லிய டியூப் போட்டுச் சிறுநீரை வடித்து, உடல் தேறியதும் சிறு குழாய்க் கேமராவை உள்ளே செலுத்தி அந்தச் சவ்வை வெட்டிவிடுவார்கள். வெட்டுவது சில நிமிட வேலை. அதோடு கதை முடிவதில்லை. சிறுநீர்ப்பைப் பயிற்சி, ரத்த அழுத்தம், கிரியாட்டினின் என்று வளரும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பயமுறுத்தும் தோற்றத்தோடு வந்து சாதுவாகப் போகும் ஒன்றும் உண்டு. ஒரு பக்கச் சிறுநீரகம் முழுக்கத் திராட்சைக் கொத்துபோல நீர்க்கட்டிகளாக மாறி வேலையே செய்யாது. முன்பெல்லாம் அதை வெட்டி எடுத்தார்கள். இப்போது விட்டுவிடுகிறார்கள், சில வருடங்களில் தானாகவே சுருங்கிப்போகும். மற்றச் சிறுநீரகம் அதன் வேலையையும் சேர்த்துச் செய்யப் பெரிதாக வளர்ந்துகொள்ளும். அந்த நல்ல சிறுநீரகத்துக்கு எதுவும் இல்லையா என்று பார்த்துவிட்டால் போதும்.

மிச்சக் கர்ப்பத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. லேசான வகைக்கு 32 வாரத்துக்குப் பிறகு ஒரு ஸ்கேன். கடுமையானதற்கு 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை. இதற்காக சிசேரியன் தேவையில்லை, முன்கூட்டியே வலி வரவைக்கவும் பொதுவாகத் தேவையில்லை. இரண்டு பக்கமும் கடுமை, ஒற்றைச் சிறுநீரகம், சிறுநீர்ப்பை அடைப்பு, தண்ணீர் குறைவு என்று இருந்தால் மட்டும், பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தைகள் அறுவை சிகிச்சைத் துறையும் உள்ள ஆஸ்பத்திரியில் பிரசவத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது.

நூல் அறுந்துபோவது பிரசவத்துக்குப் பிறகு. வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். ஸ்கேன் எல்லாம் கணவன் ஊரில், பிரசவம் அம்மா ஊரில். அங்கே பிரசவம் பார்க்கும் டாக்டர் கையில் கடைசி ரிப்போர்ட் மட்டும் இருக்கும். குழந்தை டாக்டர் கையில் அதுவும் இருக்காது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது ஃபைல் அலமாரியில் தூங்கும். பிள்ளையோ கொழுகொழுவென்று இருக்கும், சிறுநீர் தாராளமாகப் போகும். ஒரு பக்க அடைப்பு இருக்கும் குழந்தையும் அப்படித்தான் இருக்கும், நல்ல சிறுநீரகம் வேலையைப் பார்த்துக்கொள்வதால். வெளியே எந்த அறிகுறியும் காட்டாமலே அடைபட்ட சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கலாம். ஆகவே ஊருக்குக் கிளம்பும் பெட்டியில் எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டுகளும் போகட்டும். பிரசவ அறையில் பிள்ளையை முதலில் பார்க்கும் குழந்தை டாக்டரிடம், அவர் கேட்காவிட்டாலும், விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

பிறந்த பிறகு எடுக்கும் ஸ்கேனுக்கும் நேரம் உண்டு. முதல் இரண்டு நாள் பிள்ளைக்குச் சிறுநீர் குறைவாகத்தான் சுரக்கும். விரிந்த புனல்கூட அப்போது சுருங்கி, நார்மல் என்று ஏமாற்றிவிடும். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் அவசரத்தில் மறுநாளே எடுத்த ஸ்கேனை நம்பி விட்டுவிடக் கூடாது. மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் ஒன்று, அது நார்மலாக இருந்தாலும் 4 முதல் 6 வாரத்தில் இன்னொன்று எடுக்கச் சொல்கிறது இந்தியக் குழந்தைகள் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதல். மேலே சொன்ன கடுமையான வகைகளுக்கு மட்டும் இரண்டு நாள் காத்திருக்காமல் உடனே எடுப்பார்கள்.

இரண்டு ஸ்கேனும் நார்மல் என்றால் பெரும்பாலும் அத்தோடு விட்டது. விரிவு கணிசமாக நீடித்தால் இரண்டு பரிசோதனைகளின் பெயர் காதில் விழும். ஒன்று எம்.சி.யு.: சிறுநீர்ப்பைக்குள் டியூப் வழியாக மருந்து ஏற்றி, பிள்ளை சிறுநீர் கழிக்கும்போது மேலே எதுக்களிக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பது. பிள்ளை அழும்; எல்லாருக்கும் இது தேவையில்லை என்பதால் ஏன் எடுக்கிறார்கள் என்று தாராளமாகக் கேட்கலாம். இன்னொன்று ரீனல் ஸ்கேன்: நரம்பில் மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்து செலுத்தி, மொத்த வேலையில் எந்தச் சிறுநீரகத்தின் பங்கு எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு வேகத்தில் வடிகிறது என்று பார்ப்பது. பொதுவாக ஆறு வாரத்துக்குப் பிறகுதான் எடுப்பார்கள். ஒரு பக்கத்தின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, அடுத்தடுத்த ஸ்கேன்களில் இறங்கிக்கொண்டே வந்தாலோ ஆபரேஷன் பேச்சு வரும். புனலும் குழாயும் சேரும் இடத்தில் குறுகலாக இருக்கும் துண்டை வெட்டிவிட்டு மறுபடி இணைப்பதுதான் அது, பைலோபிளாஸ்டி என்பார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பலன் தரும், பழகிய ஆபரேஷன்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு வயதுக்குள் காய்ச்சல் வந்தால், இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் விதி வேறு. சளி இல்லை, இருமல் இல்லை, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், பால் குடிக்கவில்லை என்றால் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். மெடிக்கலில் சிரப் வாங்கிக் கொடுத்துவிட்டு நாலு நாள் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. அன்றே டாக்டரிடம் போய், கருவில் சிறுநீரக விரிவு இருந்த குழந்தை என்று சொல்லி, ஆன்டிபயாடிக் முதல் வேளை உள்ளே போவதற்கு முன்னால் யூரின் கல்ச்சருக்குக் கொடுத்துவிட வேண்டும். தோலில் ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரில் வெளிக்கிருமி கலந்து ரிப்போர்ட் குழப்பும். டியூப் வழியாக எடுக்கிறேன் என்று நர்ஸ் சொன்னால், பிள்ளை அழுகிறதே என்று தடுக்க வேண்டாம்.